தரவுக்கும் திணை உண்டு

ஆறு மாணவிகளின் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் இவை: 78, 64, 9, 100, 49, ஏபி. கடைசியில் உள்ளது புள்ளி அல்ல. அன்று பரீட்சைக்குச் சமுகமளிக்காத மாணவியின் பெயருக்கு எதிரே ஆசிரியை இடும் குறி அது. நமது பாடசாலைப் புள்ளிப் பதிவேடுகளில் எல்லோரும் கண்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

இந்தப் பட்டியலை அப்படியே ஒரு கோப்பில் இட்டு, 'ஆர்' என்னும் புள்ளிவிபரவியல் மொழியில் திறந்து, அதிகூடிய புள்ளி எதுவென்று கேட்டால் அது தரும் விடை 'ஏபி'. அதிகுறைந்த புள்ளி எதுவென்று கேட்டால் 100 என்கிறது. பரீட்சைக்கு வராதவள் முதலாம் இடம்; நூற்றுக்கு நூறு எடுத்தவள் கடைசி இடம்!

கணினிக்குப் பைத்தியம் பிடித்துவிடவில்லை. அந்த நிரலில் எண்ணாக வாசிக்க முடியாத ஒன்று இருந்தது. ஆகவே ஆர் முழு நிரலையும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. எழுத்தாக எடுத்துக்கொண்ட பிறகு அகராதியில் சொற்களை அடுக்குவது போலத்தான் அவற்றை அடுக்கும். முதல் எழுத்து 1 ஆதலால் 100 முன்னே வரும், 49 அதற்குப் பின்னே, 9 அதற்கும் பின்னே, ஆங்கில எழுத்து எல்லாவற்றுக்கும் பின்னே. கேள்விக்குச் சரியான விடையைத்தான் அது தந்தது. நாம் கேட்டது எண்களைப் பற்றி. அதனிடம் இருந்ததோ சொற்கள். இந்த இடத்தில்தான் 'தரவு வகை' என்ற விடயம் தொடங்குகிறது.

முதலில் ஆர் பற்றி இரண்டு வார்த்தை. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் 'எஸ்' என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினர். அதனைப் பின்பற்றி நியூஸிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990களில் ஆக்கியதே ஆர். இருவருடைய பெயரின் முதலெழுத்தும் ஆர். எஸ்ஸுக்கு முந்திய எழுத்தும் ஆர். பெயர் வந்த கதை அவ்வளவுதான். முதலாவது முழுப் பதிப்பு 2000 பெப்ரவரி 29ஆம் திகதி வெளிவந்தது. இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பது நம்மைப் போன்ற மாணவிகளுக்குப் பெரிய விடயம். 2012இல் கேப்ரியேலா டி கெய்ரோஸ் என்ற பெண்மணி தொடங்கிய 'ஆர் லேடீஸ்' என்ற அமைப்பு, பெண்களுக்கு இம்மொழியைக் கற்பிப்பதற்கென்றே பல நாடுகளில் இயங்கி வருகிறது.

இனித் தலைப்புக்கு வருவோம். தமிழ் இலக்கணத்தில் பெயர்ச்சொற்கள் உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பிரிகின்றன. 'ஆசிரியை வந்தார்' என்றால் சரி. 'மேசை வந்தார்' என்றால் திணை வழு. ஒரு சொல் எந்தத் திணைக்குரியது என்பது தெரிந்தால்தான் அதன் பின்னே எந்த வினைமுற்று வரலாம் என்பது தெரியும். கணினி மொழியில் தரவு வகை செய்கின்ற வேலையும் இதுவே. ஒரு பெறுமானம் எந்த வகை என்று அறிந்தால், அதைக் கூட்டலாமா, வெட்டலாமா, பெரிது சிறிது பார்க்கலாமா என்பது முடிவாகிவிடும்.

ஆரில் அடிப்படை வகைகள் ஆறு. உண்மை, பொய் என்ற இரண்டை மட்டும் கொண்ட தருக்க வகை; நிறைவெண்; தசமங்களைத் தாங்கும் 'டபிள்'; சிக்கலெண்; எழுத்துச் சரம்; 'ரோ' எனப்படும் வெறும் பைட்டு. கடைசியானதை நீங்கள் நீண்ட காலத்துக்குச் சந்திக்கமாட்டீர்கள். சிக்கலெண் இணைந்த கணிதம் படிக்கும் சகோதரிகளுக்குப் பழக்கமானது. −1இன் வர்க்கமூலத்தைச் சாதாரணமாகக் கேட்டால் ஆர் எச்சரிக்கையோடு மறுத்துவிடும், அதையே சிக்கலெண்ணாக எழுதிக் கேட்டால் விடை தரும் என்பதோடு அதனை விட்டுவிடலாம். மற்ற நான்குமே நமக்கு நாளாந்தம் வேண்டியவை.

இம்மொழியில் தனி எண் என்று ஒன்று இல்லை. 5 என்று எழுதினாலும் அது ஓர் உறுப்பைக் கொண்ட வரிசைதான். ஒரு வரிசைக்குள் இருப்பவை எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. வெவ்வேறு வகைகளைக் கலந்து கொடுத்தால் ஆர் சண்டை பிடிக்காது. எல்லாவற்றையும் ஏற்கக்கூடிய வகைக்குச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். தருக்க வகை நிறைவெண்ணாகும், நிறைவெண் டபிளாகும், டபிள் சிக்கலெண்ணாகும், எதுவும் எழுத்தாகும். எழுத்து எல்லாவற்றையும் விழுங்கும் கடல். ஆயிரம் எண்களுக்கு நடுவே ஒரே ஒரு 'ஏபி' இருந்தாலும் ஆயிரமும் எழுத்தாகிவிடும்.

இலக்கணத்திலும் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. வீட்டுப் பூனையைப் பார்த்து 'என் மகள் வந்துவிட்டாள்' என்று கொஞ்சினால் அது வழுதான், ஆனாலும் உவப்பினால் சொன்னதென்று இலக்கணம் ஏற்றுக்கொள்ளும். அது வழுவமைதி. ஆரும் வழுவமைதி செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், பூனையை மகள் என்றவளுக்குத் தான் சொன்னது பூனையை என்பது தெரியும். ஆர் மாற்றியது பல வேளைகளில் நமக்குத் தெரிவதில்லை.

எண்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஆரில் 5 என்று எழுதினால், பார்வைக்கு நிறைவெண்ணாக இருந்தாலும், அது டபிளாகவே சேமிக்கப்படும். நிறைவெண்ணாகவே வேண்டுமென்றால் பின்னால் எல் என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். நிறைவெண் வகை கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647, அதாவது 214 கோடி சொச்சம். அதனோடு நிறைவெண் ஒன்றைக் கூட்டினால், பிழையான விடையைத் தராமல் 'தெரியாது' என்று எச்சரிக்கையோடு சொல்லிவிடும். நாட்டின் வரவு செலவுத் திட்டத் தொகைகளுக்கு அந்த வகை போதாது. டபிளோ 9007199254740992 வரையான எல்லா நிறைவெண்களையும் பிசகாமல் தாங்கும்.

டபிளுக்கு வேறொரு பலவீனம் உண்டு. அதனை விளக்க நமக்கு மிகவும் பழக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. அல்குர்ஆனின் 4ஆம் அத்தியாயமான சூரத்துன் நிஸாவின் 11, 12, 176ஆம் வசனங்களில் வாரிசுரிமைக்கென விதிக்கப்பட்ட பின்னங்கள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகவே சேமிக்கிறது. ஆகவே முதல் மூன்றும் அதற்குள் மிச்சமின்றி அமைந்துவிடும். பின் மூன்றும் அமைவதில்லை. 1/3ஐத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றிப் போவதைப் போல, இரண்டின் அடுக்குகளில் 2/3, 1/3, 1/6 ஆகிய மூன்றும் முடிவின்றிப் போகும்; கணினி ஓரிடத்தில் வெட்டியே ஆக வேண்டும். தசமத்தில் முடிந்துவிடும் 0.1 கூட இரண்டின் அடுக்குகளில் முடிவதில்லை.

1/6ஐ ஆறு தடவை கூட்டற்குறியால் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். திரையில் 1 என்றே தெரியும். 'இது 1க்குச் சமமா?' என்று கேளுங்கள். பொய் என்று பதில் வரும். ஆர் வழமையாக ஏழு இலக்கங்களையே காட்டுவதால் நமக்கு 1 தெரிகிறது. உள்ளே இருப்பது 1ஐவிட மயிரிழை குறைந்த ஓர் எண். பதினாறாம் தசமதானத்தில்தான் வித்தியாசம். 0.1 உம் 0.2 உம் சேர்ந்தால் 0.3க்குச் சமமா என்று கேட்டாலும் இதே கதைதான். அதனால்தான் டபிள்களைச் சமமா என்று நேரடியாகக் கேட்கக் கூடாது. 'ஏறத்தாழச் சமமா' என்று கேட்பதற்கு 'ஓல் ஈக்குவல்' என்ற தனிக் கட்டளை வைத்திருக்கிறார்கள்.

வாரிசுப் பங்கீட்டை வகுத்த நமது பழைய அறிஞர்கள் இந்தச் சிக்கலுக்குள் விழவேயில்லை. மனைவி, தாய், தந்தை, ஒரு மகன் ஆகியோரை விட்டு ஒருவர் மரணித்தால், சொத்தை முதலில் 24 பங்காக்குவார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று 3 பங்கு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம் 4 பங்கு, மீதி 13 பங்கு மகனுக்கு. எல்லாம் நிறைவெண். எதுவும் வெட்டுப்படுவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி அட்சரகணிதத்துக்குப் பெயர் தந்த தமது நூலில் கணிசமான பகுதியை வாரிசுரிமை, வஸிய்யத் கணக்குகளுக்கே ஒதுக்கியிருக்கிறார். கணினியியலில் நாம் படிக்கும் 'அல்கோரிதம்' என்ற சொல்லும் அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான். சரியான தரவு வகையைத் தெரிவுசெய்வது எப்படியென்று யாரும் கேட்டால் இந்த 24ஐத்தான் நான் காட்டுவேன்.

இப்போது வராத மாணவியிடம் திரும்புவோம். எழுத்தாகிப்போன நிரலை எண்ணாக மாற்றும்படி ஆருக்குக் கட்டளையிடலாம். 78, 64, 9, 100, 49 ஆகியன எண்களாகும். 'ஏபி'யை எண்ணாக்க முடியாது; அந்த இடத்தில் 'என்ஏ' என்று வரும், ஓர் எச்சரிக்கையும் வரும். என்ஏ என்பது 'கிடைக்கவில்லை' என்பதன் சுருக்கம். அது பூச்சியம் அல்ல, வெற்றிடமும் அல்ல. 'இங்கே ஒரு பெறுமானம் இருந்திருக்க வேண்டும், ஆனால் என்னிடம் இல்லை' என்ற வாக்குமூலம். இம்மொழியில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது இந்தக் குறிதான்.

ஐந்து புள்ளிகளின் கூட்டுத்தொகை 300, இடை 60. வராதவளுக்குப் பூச்சியம் இட்டால் ஆறு பேருக்கு 300, இடை 50. ஒரே வகுப்பு, ஒரே வினாத்தாள். ஒரு குறியை மாற்றியதும் வகுப்பின் தரம் பத்துப் புள்ளியால் சரிந்துவிட்டது. அந்த மாணவி டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்திருக்கலாம். வீட்டில் ஒரு மையித்து நடந்திருக்கலாம். அவளுக்குப் பாடம் தெரியாது என்று பதிவேடு சொல்லவேயில்லை. பூச்சியம் இட்ட கைதான் சொன்னது.

என்ஏயை அப்படியே விட்டு இடையைக் கேட்டால் ஆர் என்ன சொல்லும்? என்ஏ என்றே சொல்லும். ஒருத்தியின் புள்ளி தெரியாதபோது ஆறு பேரின் இடை எப்படித் தெரியும்? மிகவும் நியாயமான பதில். தெரியாததை நீக்கிவிட்டுக் கணி என்று நாம் வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே 60 என்று தரும். பலர் இதை ஒரு தொல்லையாக நினைக்கிறார்கள். என் பார்வையில் அது மொழியின் நேர்மை. நீக்கும் முடிவு மனிதருடையது, அதற்கு மனிதரே பொறுப்பு. நீக்கிய பிறகு வந்த 60 கூட, பரீட்சைக்கு வந்தவர்களின் இடைதான். வகுப்பின் இடை அல்ல. வராதோர் அதிகமானால் அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரமும் அதிகமாகலாம்.

தருக்க வகையோடு என்ஏ சேரும்போது இன்னும் சுவையானது. உண்மையை 1 ஆகவும் பொய்யை 0 ஆகவும் ஆர் எண்ணும். ஆகவே '75 அல்லது அதற்கு மேலா?' என்று புள்ளி நிரலிடம் கேட்டு, வரும் உண்மை பொய்களின் இடையை எடுத்தால் ஏ சித்தி பெற்றோரின் விகிதம் நேரே கிடைத்துவிடும். நமது ஐவரில் இருவர், 0.4. வராதவளுக்கு அந்தக் கேள்வியின் விடையும் என்ஏதான். சரி, 'கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சித்தியடைந்தாளா?' என்று கேட்போம். கணிதத்தில் சித்தியில்லை, விஞ்ஞானம் தெரியாது என்றால், ஆர் தயங்காமல் பொய் என்னும். விஞ்ஞானம் என்னவாக இருந்தாலும் முடிவு மாறாதல்லவா? கணிதத்தில் சித்தி, விஞ்ஞானம் தெரியாது என்றால் என்ஏ என்னும். வராத இருவருடைய புள்ளிகள் சமமா என்று கேட்டாலும் என்ஏதான். இரண்டு தெரியாதவை ஒன்றுக்கொன்று சமமென்று யார் சொல்ல முடியும்?

அடுத்தது எழுத்துச் சரம். இலக்கங்களால் எழுதப்பட்டவை எல்லாம் எண்கள் அல்ல. 077இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தை எண்ணாக ஏற்றினால் முன்னாலுள்ள பூச்சியம் போய்விடும். பிறகு அந்த இலக்கத்துக்கு யாரும் அழைக்க முடியாது. தொலைபேசி இலக்கங்களைக் கூட்டி இடை காண்பவர் உண்டா? இல்லை. ஆகவே அது எழுத்து. தேசிய அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. அட்டை கிடைத்த சகோதரிகள் எடுத்துப் பாருங்கள். 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. எழுத்துச் சரமாக வைத்திருந்தால் ஐந்தாம் இடம் முதல் ஏழாம் இடம் வரை வெட்டி எடு என்று ஒரு கட்டளையில் முடிந்துவிடும். பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருப்பதால் அவற்றை எண்ணாக்க நினைத்தாலும் முடியாது.

தமிழில் எழுதியதை ஆர் எப்படி எண்ணும் என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். 'பாத்திமா' என்ற பெயரில் எத்தனை எழுத்து? பா, த், தி, மா என்று நான்கு. ஆரின் 'என்கார்' கட்டளை எட்டு என்கிறது. யுனிகோட் முறையில் 'பா' என்பது பகரமும் காலும் எனத் தனித்தனி இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது; புள்ளியும் விசிறியும் அவ்வாறே. மெய்யும் உயிரும் சேர்ந்து ஓரெழுத்தாகும் என்ற நமது கணக்கு அதற்குத் தெரியாது. தமிழ்ப் பெயர்களை வெட்டி ஒட்டும் வேலையில் இறங்குவோர், கால் ஒரு பக்கம் பகரம் மறுபக்கம் என்று துண்டுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணும் எழுத்தும் இல்லாத ஓர் இடைநிலையும் உண்டு. அதனை 'ஃபக்டர்' என்பார்கள்; வகைப்பாட்டு மாறி எனலாம். இலங்கையின் 25 மாவட்டங்களுக்கு 1 முதல் 25 வரை எண்ணிட்டு, எண்ணாகவே விட்டுவிட்டால், மாவட்டங்களின் இடை 13 என்று ஆர் கூச்சமின்றிச் சொல்லும். 13ஆம் மாவட்டம் எதுவாக இருந்தாலும் அது 'சராசரி மாவட்டம்' அல்ல. ஃபக்டர் என்று அறிவித்துவிட்டால், இடை காண முடியாது என எச்சரித்து என்ஏ தரும். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் எண்ணித் தரும். உயர்தரத்தின் கலை, வர்த்தகம், விஞ்ஞானப் பிரிவுகளும் இத்தகையனவே.

சில வகைப்பாடுகளுக்கு ஏறுவரிசை உண்டு. 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று கருத்துக்கணிப்பில் பதில் பெற்றால், ஆர் தானாக அடுக்கும்போது அகரவரிசைப்படி அதிகம், குறைவு, நடுத்தரம் என்றுதான் வைக்கும். சரியான வரிசையை நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். ஃபக்டரில் இன்னொரு பொறி: உள்ளே அது 1, 2, 3 என்ற இலக்கங்களாகவே இருக்கிறது. 2019, 2021, 2022 என்ற ஆண்டுகள் ஃபக்டராகிவிட்ட நிலையில் அதனை நேரே எண்ணாக்கினால் ஆண்டுகள் திரும்பி வரமாட்டா. 1, 2, 3 என்றே வரும். முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும். எழுத்து நிரல்களைக் கேட்காமலே ஃபக்டராக மாற்றும் பழக்கம் நெடுங்காலம் ஆருக்கு இருந்தது. எத்தனையோ பேரின் முறைப்பாட்டுக்குப் பின், 2020இல் வந்த 4.0.0 பதிப்பில்தான் அதைக் கைவிட்டார்கள்.

கடைசியாகத் திகதி. அது ஆறு அடிப்படை வகைகளில் ஒன்றல்ல. எண்ணின் மேல் போர்த்திய ஒரு போர்வை. 1970 ஜனவரி 1ஆம் திகதியைப் பூச்சியமாக வைத்து அன்றிலிருந்து எத்தனை நாள் என்றே ஆர் எண்ணும். நமது கரையோரங்களைச் சுனாமி அழித்த 2004 டிசம்பர் 26, அதன் கணக்கில் 12778. எண்ணாக இருப்பதால் ஒரு திகதியிலிருந்து மற்றொன்றைக் கழித்து நாட்களைப் பெறலாம், அது என்ன கிழமை என்றும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்று சரியாகச் சொல்லும்.

ஆனால் திகதியை எழுதும் ஒழுங்கை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். 12/05/2007 என்பதை நாம் மே 12 என்று வாசிப்போம். அமெரிக்கர் டிசம்பர் 5 என்று வாசிப்பர். மாதம் முதலில் என்று தவறாகச் சொல்லிவிட்டால், மாணவிகளின் பிறந்த திகதிகளில் மாதத்தின் முதல் 12 நாட்களுக்குரியவை எல்லாம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிவிடும். 13ஆம் திகதி பிறந்தவளின் பெயருக்கு எதிரே மட்டும் என்ஏ வந்து நிற்கும்.